அண்ணி கேட்ட மன்னிப்பு

"மன்னிப்புன்னு கேக்கறதுக்கு உங்ககிட்ட என்னங்க இருக்குது, அம்மணி?" என்று அண்ணி ஒருமுறை என்னைக் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, வீட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஆலயத்தில் எல்லாரும் மண்டியிட்டு ஒன்றாகச் சொல்கிற பாவ அறிக்கையை அவருக்கு நான் மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தேன். அண்ணிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் ஒரு வரி சொல்ல, அவர் அதைத் திருப்பிச் சொல்வார். நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டு, "இதை நீங்களும் சொல்லுவீங்களா?" என்றார். எல்லாரும் சொல்ல வேண்டும் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. "காலேஜ் படிச்சிருக்கறீங்க. பொய் பேசறதில்ல. ஒருத்தர் ஊட்டு வம்புக்குப் போறதில்ல. நீங்க எதைன்னு போயிக் கேப்பீங்க?" நான் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அன்று அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது என்பதை இப்போது எழுதத்தான் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சூலூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்று, சோமனூரில் விசைத்தறிக்குப் போய்விட்டான். நான் கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் காலனி ஆலயத்தில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பது பதினான்கு வயதிலிருந்தே என் வேலை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று வீட்டில் வாசித்துப் பழகிவிட்டுத்தான் போவேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, தான் ஒருநாளும் வாசிக்காத அந்தப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். என் ஜெபமும் அப்படித்தான் இருக்கும். வாக்கியம் உடையாது. ஒரு சொல் திரும்ப வராது. வேறு ஊர் போதகர்கள் வந்தால், "இந்தப் பெண்ணை ஜெபிக்கச் சொல்லுங்கள்" என்று எங்கள் ஐயரே என்னைக் காட்டுவார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம்.

அண்ணி அந்தியூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவருடைய வீட்டார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அப்பா இல்லை, அம்மா மட்டும். சோமனூர்த் தறிக்குடோனில் நூல் சுற்றும் வேலைக்கு வந்த இடத்தில் அண்ணனுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அதுவரை எனக்கு அவர்மேல் ஒன்றுமில்லை. பாவம், படிக்காதவர், நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தில்தான் அது தொடங்கியது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். என் முறை முடிந்ததும் யாரும் எதிர்பார்க்காமல் அண்ணி வாயைத் திறந்தார். "ஏனுங்க ஆண்டவரே" என்று கூப்பிட்டார். கடைவீதியில் தெரிந்தவரைக் கூப்பிடுகிற அதே 'ஏனுங்க'. இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. "நாந்தானுங்க. நேத்து மேஸ்திரிகிட்ட வவுத்துவலின்னு பொய் சொல்லிப்போட்டு சீக்கிரமா வந்துட்டேனுங்க. தப்புத்தானுங்க. நாளைக்கும் சொல்லுவனாட்டத்தான் இருக்குதுங்க. நீங்க கொஞ்சம் முன்னால வந்து நின்னுக்கோங்க." அவ்வளவுதான். ஆமென் சொல்லக்கூட அவருக்குத் தெரியவில்லை. சிரிப்பை அடக்கியவர்கள் இருவரும் அமைதியாகிவிட்டார்கள். மேஸ்திரிகளிடம் பொய் சொல்லாத ஒருவர்கூட அந்த அறையில் இல்லை என்பதால் அப்படி ஆகியிருக்கலாம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் ஜெபத்துக்கு அம்மா ஒருநாளும் கண்ணைத் துடைத்ததில்லை.

அதன்பிறகு யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், "அந்தத் தறிக்காரப் புள்ளையைக் கூட்டியாங்க" என்று ஆள் அனுப்பினார்கள். முன்பெல்லாம் நானும் போவேன். இப்போதும் போனேன், அண்ணிக்குத் துணையாக. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தால், நான் என் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அம்மாவிடம் கேட்டுவிட்டேன், அண்ணி ஜெபத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நீ ஜெபம் பண்ணுனா ரேடியோவுல நியூஸ் வாசிக்கறாப்பல இருக்குது கண்ணு. அவ பண்ணுனா பக்கத்து ஊட்டுல பேசறாப்பல இருக்குது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அன்பாகச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குள் எழுந்த அந்த உணர்வுக்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிப் பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அதை நான் என் மனதில் வேறு பெயரிட்டுத்தான் வைத்துக்கொண்டேன். அண்ணிக்கு உபதேசம் போதாது, சரியாக ஜெபிக்கத் தெரியாது, ஆண்டவரிடம் பேசும் மரியாதை தெரியாது. அக்கறை என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

திருவிருந்தில் பங்குபெற ஒருவர் திடப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை பேராயர் வந்து, வெள்ளைச் சேலை உடுத்தி மண்டியிட்டிருப்பவர்களின் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அன்றைக்குத்தான் அவர்கள் முதல்முறையாக அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்குவார்கள். அதுவரை மற்றவர்கள் பீடத்துக்குப் போகும்போது இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷமாக அண்ணி அப்படி உட்கார்ந்திருந்தார். "எம்பட கையில வாங்கற நாளு எப்பங்க வரும்?" என்று என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். சென்ற வருஷம் ஐயர் என்னைக் கூப்பிட்டு, அண்ணியை ஆயத்தப்படுத்தும் பொறுப்பை எனக்குத் தந்தார். "அவங்க தயாரா இல்லையான்னு நீங்கதான்மா எனக்குச் சொல்லணும்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அம்மா அண்ணிக்கு வெள்ளைச் சேலை எடுத்துவந்து, மஞ்சள் பட்டுவிடாமல் தனியாகத் துணியில் சுற்றி வைத்தார்.

பேராயர் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அண்ணி தன் ஊருக்குப் போனார். அங்கே மாரியம்மன் நோம்பி. எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம். அவருடைய அம்மாவுக்கு அதற்கு முந்தைய வருஷம் வாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. எழுந்து நடந்தால் மூன்று வருஷம் பூவோடு எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். பூவோடு என்பது நெருப்புச் சட்டி. அதை இரு கைகளிலும் ஏந்திக் கோயிலைச் சுற்ற வேண்டும். இழுத்து நடக்கும் காலோடு அந்த அம்மா எப்படிச் சுற்றுவார்? பிடித்துக்கொள்ள மகளைத் தவிர வேறு ஆள் கிடையாது. திரும்பி வந்த அன்றைக்கே அண்ணி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை. "அம்மாளை இடுப்புல புடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்தேனுங்க. வுட்டா சட்டியோட உழுந்துருவாங்க. நான் அங்க கும்புடலீங்க அம்மணி. நடக்கறப்பவெல்லாம் நம்ம ஆண்டவர்கிட்டத்தான் பேசிக்கிட்டே போனேன், எங்கம்மா காலைப் பாத்துக்கோங்கன்னு." அவர் புறங்கையில் ஒரு தீப்பொறி விழுந்து கொப்பளம் எழுந்திருந்தது. நான்தான் அதற்கு மருந்து போட்டுவிட்டேன். மருந்து போடும்போதே என் மனம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் பள்ளியிலிருந்து வரும் வழியில் ஐயரின் வீட்டில் இறங்கினேன். அண்ணி நோம்பிக்குப் போய்ப் பூவோடு கூட நடந்துவிட்டு வந்திருக்கிறார், உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அண்ணிமேல் பிரியம் உண்டு. "அவங்க கும்பிட்டாங்களா, இல்ல அம்மாவுக்குத் துணையாப் போனாங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். எல்லாம் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியவள். "எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றேன்.

ஐயர் அண்ணியைக் கூப்பிட்டு, "பூவோடு கூட நடந்தீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "நடந்தேனுங்க" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், அப்படியிருந்தும் ஐயர் கேட்கிறார் என்றால் நடந்ததே தப்புத்தான் என்று அண்ணி எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஐயர் சொன்னதும், சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க ஒரு நேரம் வேண்டும் என்று அண்ணியே கேட்டிருக்கிறார்.

பேராயர் வந்த ஞாயிறு, ஆராதனை தொடங்கும் முன் அண்ணி எழுந்து முன்னால் வந்தார். வெள்ளைச் சேலைக்காரிகள் ஆறு பேர் முதல் வரிசையில் இருந்தார்கள். அண்ணி வழக்கமான பச்சைச் சேலையில் இருந்தார். "எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. எங்கம்மா மேல இருந்த பாசத்துல ஆண்டவருக்குப் புடிக்காததைச் செஞ்சுபோட்டேனுங்க. நான் தெரிஞ்சு செய்யலீங்க, ஆனாச் செஞ்சது செஞ்சதுதானுங்க. உங்க கூட அந்தப் பந்தியில உக்கார எனக்கு இன்னும் லாயக்கு வரலீங்க. வர்றதுக்கு நீங்க எல்லாம் எனக்காகக் கேளுங்க." ஆலயம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். பேராயரே எழுந்துவந்து அவர் தலையில் கை வைத்தார். ஆறு வெள்ளைச் சேலைகளுக்கும் முன்னால், அந்தப் பச்சைச் சேலைக்கு.

வெட்கத்தால் நான் குன்றிப்போனேன் என்று இங்கே எழுதலாம். அது உண்மை இல்லை. எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. நானே அவர் தலையில் கட்டிவிட்ட பாவத்துக்கு அவர் கேட்ட மன்னிப்பும் எனக்குக் கிடைக்காத கண்ணீரை அவருக்கு வாங்கிக்கொடுத்துவிட்டதே என்றுதான் தோன்றியது. பிறகு போய் வேதபாடம் வாசித்தேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. திருவிருந்துக்குப் போகும்போது அண்ணியைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். பெஞ்சுகளுக்கிடையில் இடம் குறைவு. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "பாத்துப் போங்க அம்மணி" என்று மெதுவாகச் சொன்னார். போய் அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்படியே ஒரு வருஷம் போனது. மாதத்துக்கு ஒரு திருவிருந்து; மாதத்துக்கு ஒருமுறை அவர் கால் உள்ளே போகும். என்னிடம் அவருக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை. வீட்டு ஜெபத்தில் ஒருமுறை, "நானா இருந்திருந்தா மறைச்சுப்போட்டு வெள்ளைச் சேலையைக் கட்டியிருப்பேனுங்க ஆண்டவரே. அம்மணி சொல்லிப்போட்டதால தப்பிச்சேன். அவங்களுக்கு நல்ல இடமா அமைச்சுக் குடுங்க" என்று எனக்காக வேண்டிக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நன்றி சொல்வதில்கூட அண்ணி என்னை முந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் நினைத்தவள் தினமும் காலையில் வேதம் வாசித்துவிட்டுத்தான் பேருந்து ஏறினாள்.

இந்த வருஷம் நோம்பிக்குப் பத்து நாள் இருக்கும். பள்ளி விடுமுறை. அண்ணி துணி துவைக்கும் கல்லருகில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "நான் வரலீங்மா. இல்லீங்மா, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. வந்தா மறுபடியும் நிறுத்திப்போடுவாங்க. இந்த வருசமாச்சும் வாங்கிப்போடறனே." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. பிறகு, "சட்டியைச் சின்னதா எடுங்கம்மா. நிறைய நெருப்பு போடவேண்டாம்னு சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றார். அந்தக் கொப்பளம் இருந்த புறங்கையை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

காலை இழுத்து நடக்கும் ஒரு பெண் நெருப்புச் சட்டியோடு தனியாக நடக்கப்போகிறார். என் மூன்று வார்த்தைகள் அந்தியூர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கையில் இருந்த ஈரத்துணியோடு போய் அண்ணியிடம் சொன்னேன். ஐயர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று. 'பொறாமை' என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னேன். அவர் உடனே என்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. மன்னிப்பதிலும் அவர் கெட்டிக்காரர்தானே. அவர் குழாயை மூடினார். "ஒரு வருசமுங்க" என்றார். பிறகு, "எங்கம்மாகிட்ட நோம்பிக்கு வரமாட்டேன்னு என்னைச் சொல்ல வெச்சுப்போட்டீங்களே" என்றார். குரல் உயரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை. அந்த மூன்று நாளில்தான் அவர் எனக்கு முதல்முறையாக என்னைப் போன்ற ஒரு மனுஷியாகத் தெரிந்தார்.

அன்று சாயந்திரமே ஐயரிடம் போனேன். கேட்டு முடித்ததும் ஐயர், "அதை நான் அவங்ககிட்டயே கேட்டிருக்கணும். கேட்காதது என் தப்பு" என்றார். அண்ணி அம்மாவைப் பிடித்துக்கொள்ளப் போகலாம், அதற்காக அவரை நிறுத்தப்போவதில்லை, இந்த வருஷம் பேராயரிடம் அவர் பெயர் போகும் என்றும் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சபைக்கு முன்னால் நான் எழுந்து சொல்கிறேன் என்று நானாகவே கேட்டேன். "யோசிச்சுட்டு வாங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து அதை எழுதினேன். எழுதாமல் எனக்கு எதுவும் வராது. நான்கு தடவை திருத்தினேன். நான்காம் தடவை வாசித்துப் பார்க்கும்போது ஓரிடத்தில் என் குரல் தானாகத் தாழ்ந்தது. அங்கே நிறுத்தினால் ஆட்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பச்சைச் சேலைக்குக் கிடைத்ததைவிட அதிகமாக அழுவார்கள். அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மறுநாள் ஐயரிடம், அவரே ஒரு வரியில் சொல்லிவிடட்டும், ஆனால் என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். போன ஞாயிறு, அறுப்பின் பண்டிகை அறிவிப்புக்கும் ஒரு கல்யாண அறிவிப்புக்கும் நடுவில் அதை வாசித்தார். சென்ற வருஷம் அண்ணிமேல் சொல்லப்பட்டது சரியல்ல, உண்மை தெரிந்தும் தெரியாது என்று சொன்னது இன்னார் என்று. யாரும் அழவில்லை. ஒரு பெண்மணி திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஐயர் கல்யாண அறிவிப்புக்குப் போய்விட்டார். அன்று வேதபாடத்தை வேறொரு பெண் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். அந்த இரண்டு இடத்தையும் நான் மனதுக்குள் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். இந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஒரே நாளில் போகும் என்று இப்போது நான் நினைக்கவும் இல்லை.

அண்ணி நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இன்னொரு ஆள் அங்கேதான் இருக்கிறார். அவருக்கு எங்கள் சபையும் தெரியாது, என் வாசிப்பும் தெரியாது. அவர் மன்னித்தாலும் என்னைப் பற்றி நல்லதாக நினைக்க அங்கே யாரும் இல்லை. இன்று காலை வீட்டில் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். ஈரோட்டில் வண்டி மாறியபின் அண்ணியைப் போனில் கூப்பிட்டேன்.

"ஊட்டுக்கு வாரேனுங்க அண்ணி."

"எதுக்குங்க?" என்றார். அந்த மூன்று நாளின் குரல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"உங்கம்மாகிட்ட நானே ஒண்ணு சொல்லோணும்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு, "சாப்புட்டுப்போட்டு வாரீங்களா, இங்க வந்து சாப்புடறீங்களா?" என்று கேட்டார்.

"அங்க வந்து சாப்புடறேனுங்க" என்றேன். பேருந்து பவானியைத் தாண்டிக்கொண்டிருந்தது.